தட்டு வெறுமையாகத் திரும்பட்டும்!



சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி மனம் நொந்து எழுதியிருந்தார். பண்டிகைக்கு வீட்டில் பலகாரம் செய்து தெரு முழுக்கக் கொடுத்த காலமெல்லாம் மலையேறிவிட்டது, இப்போது கடையில் ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தால் போதும் என்றாகிவிட்டது என்று வருத்தப்பட்டிருந்தார். அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. எங்கள் தெருக் கதையைச் சொல்லியே ஆகவேண்டும் என்று பேனாவை எடுத்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்!

நான் பாளையங்கோட்டைக்காரி. எங்கள் பக்கம் கடைப் பண்டத்துக்குக் குறைச்சலே கிடையாது. கையை நீட்டினால் திருநெல்வேலி அல்வா. கொஞ்ச தூரம் போனால் தூத்துக்குடி மக்ரூன், கோவில்பட்டி கடலை மிட்டாய், சாத்தூர் சேவு. அப்படியிருந்தும் ஒவ்வொரு டிசம்பரிலும் எங்கள் தெருவில் 900 நெய் பிஸ்கட் வீட்டிலேயே செய்கிறோம். ‘கடையில கிடைக்காததா அத்தை? எதுக்கு இந்த வயசுல இவ்வளவு பாடு?’ என்று என் மருமகளே கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

அத்தையின் மணல் சட்டி

1988-ல் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தேன். முதல் கிறிஸ்துமஸுக்கு என் மாமியார், அதாவது அத்தை, கல்கல், அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து எல்லாம் செய்து முடித்துவிட்டு, கடைசியாகப் பரணிலிருந்து ஒரு பெரிய இரும்புச் சட்டியை இறக்கினார். அதில் சலித்துக் கழுவிக் காயவைத்த ஆற்று மணல் மூன்று விரல்கடை உயரம். சட்டியை அடுப்பில் ஏற்றி மணல் நன்றாகச் சூடான பிறகு, உருட்டித் தட்டிய பிஸ்கட்டுகளை ஒரு அலுமினியத் தட்டில் அடுக்கி மணல்மேல் வைத்தார். மேலே ஒரு தகர மூடி. மூடியின்மேல் தணல். கீழேயும் சூடு, மேலேயும் சூடு! 20 நிமிடத்தில் நெய்யும் ஏலக்காயும் கலந்த மணம் தெருமுனை வரைக்கும் போய்விட்டது. ‘என்ன பெரியம்மா, சட்டி ஏறியாச்சா?’ என்று வாசலில் நின்று குரல் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஒரு ஈட்டுக்கு 12 பிஸ்கட்தான் வேகும். அத்தை பொழுது விடிந்ததிலிருந்து ராத்திரி வரை அடுப்பு முன்னாலேயே உட்கார்ந்திருப்பார். எனக்குப் பார்க்கப் பாவமாக இருக்கும். 1991-ல் சீட்டு எடுத்த பணத்தில், மூடியில் கண்ணாடி வைத்த அலுமினிய வட்ட ஓவன் ஒன்று வாங்கினேன். அதில் ஈட்டுக்கு 20 வேகும். ‘கரண்டு அடுப்புல வெந்தா ருசி இருக்குமாட்டி?’ என்று முதலில் முகம் சுளித்த அத்தை, அடுத்த வருஷம் அதற்கு ஒரு உறையே தைத்துப் போட்டுவிட்டார்.

என் அவசர புத்திக்கு ஒரு பாடமும் கிடைத்தது. 1992-ல், ‘மூணு அளவையும் ஒரே பாத்திரத்தில் பிசைந்தால் வேலை சீக்கிரம் முடியுமே’ என்று நினைத்து எல்லாவற்றையும் மூன்று மடங்காகப் போட்டேன். சோடா உப்பை மட்டும் தேக்கரண்டிக்குப் பதிலாகச் சாப்பாட்டுக் கரண்டியால் அள்ளிப் போட்டுவிட்டேன். பிஸ்கட் நல்ல செம்பழுப்பு நிறத்தில், பார்க்க லட்சணமாகத்தான் வந்தது. வாயில் வைத்தால் சவுக்காரத்தைக் கடித்த மாதிரி! 250 பிஸ்கட்டுக்கு மேல் வீண். அத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை. ‘துணி துவைக்க ஆகும், எடுத்து வை’ என்றார். அதற்குத் திட்டியிருக்கலாம்!

அளவு சொல்லுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு அளவுக்கு: மைதா அரைக் கிலோ, கடலை மாவு 100 கிராம், ரவை 50 கிராம், பொடித்துச் சலித்த சீனி 300 கிராம், நெய் 400 கிராம், சோடா உப்பு அரைத் தேக்கரண்டி (தலை தட்டி), ஏலக்காய்ப் பொடி ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. நெல்லிக்காய் அளவு உருட்டினால் 90 பிஸ்கட் வரும்.

நெய் உருகியிருக்கக் கூடாது, உறைந்த பதத்தில் இருக்க வேண்டும். நெய்யையும் சீனியையும் கையால் ஒரே பக்கமாகப் பத்து நிமிடம் தேய்த்தால் வெளுத்துப் பொங்கி வெண்ணெய் போல ஆகும். இந்தப் பத்து நிமிடத்தில் சோம்பல் பட்டால் பிஸ்கட் கல்லாகிவிடும். பிறகு மைதா, கடலை மாவு, சோடா, உப்பு நான்கையும் இரண்டு தடவை சேர்த்துச் சலித்து, ரவை, ஏலப்பொடியோடு அதில் போட்டு அழுத்தாமல் கலக்க வேண்டும். தண்ணீர் ஒரு சொட்டு கூட வேண்டாம். கால் மணி நேரம் மூடி வைத்துவிட்டு உருட்டுங்கள். உள்ளங்கையால் லேசாகத் தட்டி, தட்டில் ஒன்றுக்கொன்று இரண்டு விரல் இடைவெளி விட்டு அடுக்குங்கள்.

இந்தக் காலத்து ஓவன் என்றால் 160 முதல் 170 டிகிரி, 15 முதல் 18 நிமிடம். வட்ட ஓவனிலும் மணல் சட்டியிலும் டிகிரி ஏது? ஒரு வெள்ளைத் தாள் துண்டை உள்ளே வையுங்கள். ஐந்து நிமிடத்தில் இளம் பழுப்பானால் சூடு சரி. கறுத்தால் தீயைக் குறைக்க வேண்டும்.

நிறையச் செய்கிறவர்களுக்குச் சில குறிப்புகள். மாவை அளவு அளவாகத் தனித்தனியே பிசையுங்கள். மொத்தமாகப் பிசைந்தால் சோடா சமமாகக் கலக்காது. காத்திருக்கும் மாவில் நெய்யும் இளகிவிடும். ஒவ்வொரு அளவிலும் முதலில் இரண்டே இரண்டு பிஸ்கட் வேகவைத்துப் பாருங்கள். தோசை போலப் பரந்தால் ஒரு கரண்டி மைதா சேர்க்கலாம். உதிர்ந்தால் அரைக் கரண்டி நெய். சூட்டில் தொட்டால் மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லையோ என்று மறுபடி உள்ளே தள்ளாதீர்கள். ஆறினால் தானே இறுகும். முழுக்க ஆறின பிறகே டின்னில் அடுக்க வேண்டும். எங்கள் ஊரில் டிசம்பர் மழை மாதம். வெதுவெதுப்பாக மூடினால் ஆவி இறங்கி மறுநாளே நமுத்துப் போகும். அடுக்குக்கு அடுக்கு சுத்தமான வெள்ளைத் தாள் வையுங்கள். அச்சடித்த செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். ஈரமில்லாத கையால் எடுத்தால் இரண்டு வாரம் மொறுமொறுப்பாக இருக்கும்.

அந்தக் காலத்தில் நெய் பாதி, வனஸ்பதி பாதி போடுவோம். கைக்கு அவ்வளவுதான் முடிந்தது. இப்போது டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கெடுதல் என்று தெரிந்துவிட்டது. எண்ணெய், வனஸ்பதியில் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 முதல் உணவுப் பாதுகாப்பு விதியே இருக்கிறது. நாங்கள் முழுக்க நெய்க்கு மாறிவிட்டோம். செலவு கூடும்தான். அதற்காகக் கொஞ்சம் சின்னதாக உருட்டிக்கொள்ளுங்கள். தப்பில்லை.

மூடியிருந்த கதவு

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம்.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு அக்கா. தீபாவளிக்கு அந்த வீட்டிலிருந்துதான் எங்களுக்கு முதல் தட்டு வரும். அவர் கை அதிரசம் வாயில் போட்டால் கரையும். டிசம்பரில் எங்கள் தட்டு அங்கே போகும். தட்டை வெறும் தட்டாகத் திருப்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். உங்கள் ஊரிலும் இருக்கும். ஒன்றுமில்லாவிட்டாலும் நாலு வாழைப்பழமாவது வைத்துத்தான் கொடுப்பார்கள்.

1996-ல் அந்த அண்ணாச்சி வேலை பார்த்த மில் மூடிவிட்டது. தீபாவளிக்கு எதிர்வீட்டிலிருந்து தட்டு வரவில்லை. நாங்களும் ஒன்றும் கேட்கவில்லை. கிறிஸ்துமஸ் அன்று, ‘பாவம், பிள்ளைகள் சாப்பிடட்டும்’ என்று வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பிஸ்கட், கேக், கல்கல் எல்லாம் அடுக்கி, பெரிய தாம்பாளமாக எடுத்துக்கொண்டு போனேன். கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். மகள் பாதிக் கதவைத் திறந்து, ‘அம்மா இல்ல சித்தி’ என்றாள். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. நான் கேட்காதது போலத் தட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துத் தாம்பாளம் திரும்பி வந்தது. பளபளவென்று தேய்த்து, அதில் ஒரு கிண்ணம் நிறையச் சீனி. ‘கஷ்டத்திலும் வழக்கத்தை விடவில்லையே’ என்று எனக்குப் பெருமையாகக் கூட இருந்தது. ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் என் மகளோடு விளையாட வந்தாள். காப்பி கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, ‘சித்தி, இது இனிக்கே!’ என்றது குழந்தை. ‘எங்க வீட்ல சீனி தீர்ந்துட்டு. கடுங்காப்பிதான், சீனி போடாம.’

எனக்குச் சுரீர் என்றது. என் தாம்பாளத்துக்குப் பதில் மரியாதை செய்ய, ரேஷனில் வாங்கிய சீனியை அந்த அக்கா வழித்துக் கொடுத்திருக்கிறார்! நான் கொடுத்தது பலகாரம் இல்லை, கடன். அதுவும் பெரிய தாம்பாளமாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன்.

அத்தையிடம் அழுதேன். ‘இனிமே அந்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டாமா அத்தை?’ என்று கேட்டேன். ‘கொடுக்காம விட்டா, ஒதுக்கிட்டோம்னு நினைப்பா. கொடுத்தா, எப்படித் திருப்புவோம்னு கூசுவா. யோசிப்போம்’ என்றார். அவ்வளவுதான்.

அத்தை செய்த தந்திரம்

அடுத்த வருஷம், 1997 டிசம்பர். அத்தை நேராக எதிர்வீட்டு வாசலில் போய் நின்றார். நானும் பின்னால் நின்றேன். ‘ஏட்டி, எனக்கு முட்டு வலிக்கி, குத்தவச்சு உட்கார முடியல. மருமவளுக்குத் தணல் கணக்கு தெரியாது. அறுநூறு உருட்டணும். வந்து ஒத்தாசை பண்ணுதியா?’

அக்கா ஒரு நிமிடம் அத்தை முகத்தையே பார்த்தார். பிறகு, ‘அதுக்கென்ன பெரியம்மா, கூப்பிட்டா வரமாட்டேனா?’ என்று முந்தானையைச் செருகிக்கொண்டு வந்துவிட்டார்.

அம்மாடி, அந்தக் கை வேகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் உருட்டினால் ஒன்று நெல்லிக்காய், ஒன்று எலுமிச்சங்காய். அவர் மருந்து பாட்டில் மூடி ஒன்றைக் கழுவித் துடைத்து, அதில் மாவை அழுத்தி எடுத்து உருட்டினார். அத்தனையும் ஒரே அளவு! ஒரே அளவாக இருந்தால்தான் ஒரே நேரத்தில் வேகும், ஓரத்தில் ஒன்று கருகாது என்பதும் அன்றுதான் எனக்குப் புரிந்தது. மணல் சட்டிப் பக்கம் அத்தை அவரை உட்காரவைத்தார். மூடிமேல் எத்தனை கரித்துண்டு, எப்போது தள்ளிவிட வேண்டும் என்பதெல்லாம் சாயங்காலத்துக்குள் அவருக்கு அத்துப்படி.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்தார். ‘முட்டை போடுவேளோ?’ என்றார். ‘இதுல கிடையாது மாமி’ என்றதும் உள்ளே வந்து உட்கார்ந்தார். கோடி வீட்டு லாத்தா தன் வட்ட ஓவனையே மகன் தலையில் தூக்கிவைத்து அனுப்பிவிட்டு, பின்னாலேயே ஒரு பொட்டலம் முந்திரியோடு வந்தார். ‘நோன்புக் கஞ்சி வாங்க மட்டும் வாரீங்க, இதுக்குக் கூப்பிட மாட்டீங்களோ?’ என்று ஒரு குத்தலும் வேறு! ஒருவர் மைதா கொண்டுவந்தார், ஒருவர் நெய். இரண்டு பேர் கையை மட்டும் கொண்டுவந்தார்கள். யார் என்ன கொடுத்தார்கள் என்று நோட்டு எதுவும் போடவில்லை. இன்றுவரை போட்டதில்லை.

ஏழு வீடு. 600 என்று தொடங்கியது 900 ஆகிவிட்டது. கணக்குப் பாருங்கள்: பத்து அளவு மாவு. அதாவது மைதா 5 கிலோ, கடலை மாவு 1 கிலோ, ரவை அரைக் கிலோ, சீனி 3 கிலோ, நெய்யும் வனஸ்பதியுமாக 4 கிலோ. இரண்டு ஓவனில் இருபது இருபது, மணல் சட்டியில் 12, ஆக ஒரு சுற்றுக்கு 52. பதினெட்டு சுற்று, ஒவ்வொன்றும் 20 நிமிடம். ஆறு மணி நேரத்தில் முடிந்துவிட்டது! நான் தனியாக ஒரு ஓவனில் செய்திருந்தால் 45 ஈடு. 15 மணி நேரம் நின்றிருப்பேன், மறுநாள் படுத்திருப்பேன்.

வீட்டுக்கு 100 என்று எண்ணி எடுத்துக்கொண்டோம். மீதி 200 பொதுவில். தெருவுக்கு வரும் தபால்காரர், பால்காரர், துப்புரவுத் தொழிலாளிகள், வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் எல்லோருக்கும். எதிர்வீட்டு அக்கா தன் பங்கு டின்னைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தபோது, ‘யார் கொடுத்தது?’ என்று யாரோ கேட்டார்கள். ‘யாரு கொடுக்கணும்? நான் சுட்டது!’ என்றார். அத்தை என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அவருக்கு முட்டு வலியே கிடையாது தோழியரே, அதற்கப்புறம் ஏழு வருஷம் தெருவெல்லாம் நடந்தார்!

அன்று சாயங்காலம் அத்தை ஒரு சட்டம் போட்டார். ‘இனிமே இந்தத் தெருவுல தட்டு வெறும் தட்டாத் திரும்பலாம். கழுவிக் கொடுத்தாப் போதும்.’ முதலில் மாமிக்கு மனசு ஒப்பவில்லை. ‘வெறும் தட்டு அபசகுனமில்லையோ?’ என்றார். ‘சாப்பிட்டு முடிச்ச தட்டுல என்ன அபசகுனம்?’ என்றார் அத்தை. அதோடு சரி.

தண்ணீர் வந்த வருஷம்

2004-ல் அத்தை காலமானார். அண்ணாச்சிக்கு வேறு வேலை கிடைத்தது, அக்கா தையல் தைத்து மகளைப் படிக்கவைத்து நர்ஸ் ஆக்கினார். பிறகு மகள் குடும்பத்தோடு கொக்கிரகுளத்தில் ஆற்றுக்குப் பக்கமாகக் குடிபோய்விட்டார். ஆனாலும் டிசம்பரில் ஒரு நாள் பஸ் ஏறி வந்து எங்களோடு உருட்டுவார். தெருவில் ஆட்கள் மாறினார்கள். புதிதாக வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மணல் சட்டி பரணுக்குப் போய்விட்டது.

2023 டிசம்பர் 16, சனிக்கிழமை. வழக்கம்போல 900 சுட்டு முடித்தோம். மறுநாள் காலையிலிருந்து மழை பிடித்துக்கொண்டது. எப்பேர்ப்பட்ட மழை என்று உங்களுக்குத் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது என்று பத்திரிகையில் எல்லாம் வந்ததே, அந்த மழைதான். தாமிரபரணி கரை கொள்ளாமல் ஓடியது. ஜங்ஷன் பஸ் நிலையத்துக்குள் தண்ணீர். கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்துக்குள்ளும் தண்ணீர். எங்கள் தெரு மேடு, தப்பித்தோம். மின்சாரம் மட்டும் போய்விட்டது. அக்காவுக்குப் போன் போட்டால் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் தெருப் பையன்கள் வந்தார்கள். ‘பெரியம்மா, பள்ளிக்கூடத்துல தங்கியிருக்கிறவங்களுக்குச் சோறு போகுது. சின்னப் பிள்ளைங்க பசிக்குதுன்னு அழுதுட்டே இருக்கு. பால் கிடைக்கல. ஏதாவது இருக்கா?’ என்றார்கள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எல்லா வீட்டு டின்னும் எங்கள் திண்ணைக்கு வந்துவிட்டது. பத்துப் பத்தாகப் போட்டு 90 பொட்டலம். சுட வைக்க வேண்டாம், கரைக்க வேண்டாம், நாலு நாள் கெடாது. கிறிஸ்துமஸுக்கு வைத்த பலகாரம் ஒரு வாரம் முன்னாலேயே சேர வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். நான் அடுக்களையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உலை வைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் காலடிச் சத்தம். திரும்பினால், எதிர்வீட்டு அக்கா! முழங்கால் வரை சேறு. மகளும் பேரனும் கூடத்தில் நிற்கிறார்கள். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர், உடுத்திய துணியோடு மொட்டை மாடியில் இரண்டு ராத்திரி இருந்திருக்கிறார்கள். அக்கா நேராகப் பானைத் தண்ணீரை மொண்டு குடித்துவிட்டு, ‘மாத்துச் சேலை ஒண்ணு எடு. பயலுக்குச் சோறு போடு. எனக்கு அப்புறம் போதும்’ என்றார்.

வாசற்கதவைக்கூடத் தட்டவில்லை, தோழியரே. 1996-ல் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்ற அதே அக்கா! எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. சேலை எடுக்கிற சாக்கில் உள்ளே போய் அழுதேன்.

மறுநாள் அவர்தான், ‘பிஸ்கட் எங்க?’ என்று கேட்டார். விவரம் சொன்னேன். ‘அப்ப இன்னைக்குப் போடுவோம்’ என்றார். ‘கரண்டு இல்லையேக்கா’ என்றேன். ‘பெரியம்மா சட்டி எங்க?’ என்றார்.

பரணிலிருந்து சட்டி இறங்கியது. அந்த மழையில் காய்ந்த மணலுக்கு எங்கே போவது? அக்கா கல் உப்பைக் கொட்டச் சொன்னார். உப்பும் மணல் போலவே சூட்டைப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் ஒரு முக்காலி வளையம், வளையத்தின்மேல் தட்டு, இறுக்கமான கனத்த மூடி. கேஸ் அடுப்பில் பத்து நிமிடம் வெறுமனே சூடாக்கி, பிறகு தட்டை வைத்துச் சின்னத் தீ. மேலே தணல் இல்லாததால் ஐந்தாறு நிமிடம் கூடுதலாக ஆனது. மேல்பக்கம் கொஞ்சம் வெளுப்பு, அடிப்பக்கம் சரியான சிவப்பு. (வீட்டில் செய்து பார்ப்பவர்கள் கனமான இரும்புச் சட்டியில் செய்யுங்கள். அதே உப்பை எடுத்துவைத்து அடுத்த தடவைக்கும் பயன்படுத்தலாம். சமையலுக்கு வேண்டாம்.)

நான் மூடியைத் திறக்கப் போனேன். ‘சித்த தள்ளு. உனக்குத் தணல் கணக்கு தெரியாதுன்னு பெரியம்மா அன்னைக்கே சொல்லிட்டாக’ என்றார் அக்கா. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டோம். மூன்று நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். அன்று 90 பிஸ்கட். எங்கள் தெருவுக்கு அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவ்வளவுதான் பலகாரம். வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு என்று பிரித்தோம். அதைவிட ருசியாக நான் சாப்பிட்டதில்லை.

நீங்களும் தொடங்கலாமே!

வருத்தப்பட்டு எழுதிய சகோதரிக்கு என் பதில் இதுதான். காலம் மலையேறவில்லை. நாம்தான் ‘நான் செய்து நான் கொடுப்பேன்’ என்று தனியாக மல்லுக்கட்டி, முடியாமல் விட்டுவிட்டோம். நாலு வீடு சேர்ந்தால் போதும். எங்கள் அனுபவத்தில் கண்டதைச் சொல்லுகிறேன்:

முட்டை இல்லாமல் செய்யுங்கள், எல்லா வீட்டிலும் தயங்காமல் சாப்பிடுவார்கள். முந்திரி, கடலை போட்டால் கொடுக்கும்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள். சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது. சர்க்கரை நோய் உள்ளவர்களைச் ‘சும்மா ஒண்ணு’ என்று வற்புறுத்தாதீர்கள். யார் என்ன கொண்டுவந்தார்கள் என்று கணக்கு வைக்காதீர்கள். பொருள் கொண்டுவர முடியாதவரிடம் வேலையைக் கேளுங்கள். அதுவும் உதவியாகக் கேளுங்கள், இரக்கப்பட்டுக் கேட்காதீர்கள். பங்கை எல்லோருக்கும் சமமாக எண்ணுங்கள்.

முக்கியமாக, உங்கள் தட்டு திரும்பி வரும்போது அதில் என்ன இருக்கிறது என்று பார்க்காதீர்கள். வெறுமையாக வந்தால் சந்தோஷமாக வாங்கி அடுக்குங்கள்.

இந்த வருஷமும் டிசம்பரில் அக்கா வருவார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கை வேகம் மட்டும் குறையவில்லை. இந்தத் தடவை என் மருமகளை அவர் பக்கத்தில் உட்காரவைக்கப் போகிறேன். தணல் கணக்கு எனக்குத்தான் வரவில்லை, அவளுக்காவது வரட்டும்!

உங்கள் தெருவில் எப்படி? தட்டு எப்படித் திரும்புகிறது? எழுதுங்களேன், படிக்கக் காத்திருக்கிறேன்.

– ஒரு வாசகி, பாளையங்கோட்டை.